ஹேண்ட்லர் சர்வீஸ் ரிவ்யூ: ரிங்குல கில்லாடி, பாயின்ட் கணக்குல கோட்டை விட்டாரு

நாங்க நியூ ஜெர்சில இருக்கோம், வீட்ல மிளகுன்னு ஒரு ஷெல்டி ஜாதி நாய், பொட்டை, ரெண்டரை வயசு. நாய் ஷோ ரிங்குல அவள ஓட்டிக் காட்ட எனக்கு கை வரல, அதனால எட்டு மாசம் ஒரு புரொஃபஷனல் ஹேண்ட்லர்கிட்ட குடுத்தோம், ஷோவுக்கு 125 டாலர், மேஜர், அதாவது நிறைய பாயின்ட் கிடைக்கிற ஜெயிப்பு, வந்தா தனியா போனஸ், போக்குவரத்து செலவு வேற. பேரு வேணாம். நீங்களும் ஹேண்ட்லர் வைக்கிற ஐடியால இருந்தா உபயோகமா இருக்கும்னுதான் எழுதுறேன்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். அவரு கை வச்சா மிளகு நிக்கிற நிலையே வேற. எங்கிட்ட இருந்தப்ப மேஜை மேல ஏத்துனாலே நடுங்குவா, ஜட்ஜ் பல்லு பாக்க வந்தா பின்னாடி பின்னாடி போவா. இவரு தாடைக்குக் கீழ ரெண்டு விரல வச்சுக்கிட்டு காதுகிட்ட ஏதோ மெதுவா பேசுவாரு, அவ்ளோதான், சிலை மாதிரி நிப்பா. அந்த வேலைக்கு 5க்கு 5 குடுப்பேன்.

கோட்டை விட்டது கணக்குல. ஒரு சனிக்கிழமை மிளகு வின்னர்ஸ் பிட்ச் (இன்னும் சாம்பியன் ஆகாத பொட்டைங்கள்ல ஃபர்ஸ்ட்) ஜெயிச்சா, ஊதா ரிப்பன், எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ராத்திரி "மேஜர் அடிச்சாச்சு"ன்னு மெசேஜ், மறுநாள் போனஸோட பில். ரெண்டு வாரம் கழிச்சு இந்த பட்டம், பாயின்ட் எல்லாம் குடுக்கிற அமெரிக்கன் கென்னல் கிளப் வெப்சைட்ல ரிசல்ட் பாத்தா, சாம்பியன் பட்டத்துக்கு சேர்ற பாயின்ட் 2னு இருக்கு. 3, 4, 5 பாயின்ட் கிடைக்கிற ஜெயிப்புதான் மேஜர், 2 மேஜர் இல்ல.

அப்பதான் உக்காந்து கணக்கு படிச்சேன். இன்னும் சாம்பியன் ஆகாத நாய்ங்கள்ல ஆண் தனியா பொட்டை தனியா எண்ணுவாங்க, அன்னிக்கு ரிங்குக்கு வந்த நாய் எத்தனைங்கிறத வச்சு 1ல இருந்து 5 வரைக்கும் பாயின்ட். எத்தனை நாய்க்கு எத்தனை பாயின்ட்ங்கிறது பிரீடுக்கு பிரீடு (நாய் ஜாதிக்கு ஜாதி), ஏரியாவுக்கு ஏரியா மாறும், அந்த அட்டவணையையும் வருஷா வருஷம் மாத்துவாங்க. என்ட்ரி போட்டிருந்தா பத்தாது, நாய் வந்து நிக்கணும். அன்னிக்கு என் பக்கத்துல ஒரு வயசான லேடி கேட்டலாக்ல (என்ட்ரி போட்ட நாய்ங்க லிஸ்ட்) பென்சிலால ஒரு நம்பர அடிச்சுட்டு உச்சு கொட்டுனாங்க, அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு பொட்டை வராததால மேஜருக்கு வேண்டிய எண்ணிக்கை குறைஞ்சு மேஜர் பிரேக் ஆயிருக்கு, அதுக்குத்தான் அந்த உச்சு. ஆண் பக்கம் மேஜர் இருந்து மிளகுக்கு பெஸ்ட் ஆஃப் வின்னர்ஸும் (ஜெயிச்ச ஆண், ஜெயிச்ச பொட்டை ரெண்டுல எது பெஸ்ட்ங்கிறது) கிடைச்சிருந்தா அந்த பாயின்ட் இவளுக்கும் வந்திருக்கும், அன்னிக்கு ரெண்டுமே இல்ல. ஹேண்ட்லர்கிட்ட கேட்டப்ப போனஸ கழிச்சுட்டாரு, சாரியும் சொன்னாரு. ஆனா இதே தொழிலா இருக்கறவரு வந்த நாய எண்ணாம பில் போடலாமா?

இன்னொண்ணு, இதுலதான் நிறைய பேரு ஏமாறுவாங்க. அவரு வேன்ல, தான் காட்டுற இன்னொரு நாய் போட்டோ போட்டு "நம்பர் 6"னு எழுதியிருந்தாரு, நாங்க அத பாத்துதான் மயங்குனோம். ரேங்கிங்ங்கிறது சாம்பியன் பாயின்ட் கிடையாது, அது தனி கணக்கு, நம்ம நாய்கிட்ட தோத்த நாய் ஒண்ணுக்கு ஒரு பாயின்ட், ஜனவரில மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். அதுலயும் ரெண்டு லிஸ்ட். ஒண்ணு பிரீட் பாயின்ட், சொந்த ஜாதி நாய்ங்கள ஜெயிச்சது மட்டும். இன்னொண்ணு ஆல் பிரீட், குரூப்லயும் (ஒரே மாதிரி வேலைக்கான பல ஜாதி சேந்த பிரிவு) பெஸ்ட் இன் ஷோலயும் (மொத்த ஷோலயும் ஃபர்ஸ்ட்) ஜெயிச்சது. உதாரணத்துக்கு ஹெர்டிங் (ஆடு மாடு மேய்க்கிற ஜாதிங்க) குரூப்ல 180 நாய் இருக்கு, ஜெர்மன் ஷெப்பர்டு ஃபர்ஸ்ட் வருது, அந்த ஜாதில 30 இருந்துச்சுன்னா செகண்ட் வந்த நாய்க்கு அந்த 30 கணக்குல வராது, மிச்ச 150க்குள்ளதான். தேர்டுக்கு அந்த செகண்ட் நாயோட ஜாதியும் கழியும். பெஸ்ட் இன் ஷோ அடிச்சா ஷோல இருந்த மொத்த நாயும் தோத்த கணக்கு, ஒரே நாள்ல ஆயிரம் கூட வரும்.

அப்ப நம்பர் 6னா எந்த லிஸ்ட்ல? கேட்டா பிரீட் லிஸ்டாம், அதுவும் ரெண்டு வருஷம் பழசு. பிரீட் ரேங்கும் சின்ன விஷயம் இல்ல, அமெரிக்காவோட பிரபலமான வெஸ்ட்மின்ஸ்டர் நாய் ஷோவுக்கு ஒவ்வொரு பிரீட்லயும் டாப் 5 நாய்க்கு அழைப்பு வர்றதே அத வச்சுத்தான். ஆனா வருஷத்தையும் லிஸ்டையும் எழுதாம நம்பர மட்டும் எழுதுனது தப்பு. தவிர வாராவாரம் ஊர் ஊரா ஷோவுக்குப் போறவன் தோக்கடிச்ச நாய் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும், மாசம் ஒரு ஷோ போற நல்ல நாய் லிஸ்ட்ல கீழ கிடக்கும். ரேங்க பாத்து குட்டி வாங்கறவங்க எத்தனை ஷோ போச்சுன்னும் சேத்து கேளுங்க.

ரேங்க் எங்களுக்கு வேணாம், சாம்பியன் பட்டம் போதும். அதுக்கு மொத்தம் 15 பாயின்ட், அதுல வேற வேற ஜட்ஜ்கிட்ட ரெண்டு மேஜராவது இருக்கணும், மூணாவதா இன்னொரு ஜட்ஜும் பாயின்ட் குடுத்திருக்கணும். மிளகுக்கு இப்ப 11, மேஜர் ஒண்ணு வந்தாச்சு. அடுத்த மாசத்துல இருந்து நானே ரிங்குல இறங்குறேன், தினமும் சாயங்காலம் சமையல்கட்டு மேஜை மேல ஏத்தி, தாடைக்குக் கீழ ரெண்டு விரல் வச்சு பழக்கிக்கிட்டு இருக்கேன். நேத்து ஒரு நிமிஷம் நின்னா.