சுருட்டும் சோலார் ஷீட்: வாங்கலாமா?

பர்மா பஜாரில் ஒரு கடையில் எடுத்தது. காசிமேட்டில் மச்சானுடைய ஃபைபர் படகில் போன் சார்ஜுக்கும் ஒரு எல்இடி விளக்குக்கும். கண்ணாடி பேனல் படகுக்கு ஒத்துவராது, ஐஸ் பெட்டி ஒருமுறை இடித்தாலே போச்சு. இது கனமே இல்லை, வேலை முடிந்தால் சுருட்டிச் செருகிவிடலாம்.

உள்ளே இருப்பது அமார்ஃபஸ் சிலிக்கான், அதாவது அணுக்கள் படிகம் மாதிரி ஒழுங்காக அடுக்கப்படாத சிலிக்கான்; கால்குலேட்டரில் வருகிற அதே சரக்கு. படலம் ஒரு மைக்ரான்கூடத் தேறாது. மேகமூட்டத்திலும் பேட்டரி மெதுவாக ஏறியது. வெயில் பட்ட ஆரம்பத்தில் பவர் கொஞ்சம் இறங்கும். அது இந்தச் சிலிக்கானின் பிறவிக்குணம், 1977-லேயே ஸ்டேப்ளர், ரான்ஸ்கி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சொன்னது. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சண்டை வேறு விஷயத்துக்கு. சுருட்டி விரித்து, சுருட்டி விரித்து, ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை. தண்டையார்பேட்டையில் டிவி ரிப்பேர் பண்ணுகிறவன் நான், மீட்டர் கையிலேயே இருக்கும். சும்மா பார்த்தால் ஏழு வோல்ட், பழுதே இல்லாத மாதிரி. போனை மாட்டியதும் மூன்றுக்கு விழுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுருள்கிற திசைக்குக் குறுக்கே முடி முடியாக விரிசல்.

என் கணிப்பில் சிலிக்கான் சாகவில்லை. போனது மேலே இருக்கும் மின்முனைப் பூச்சு. அமார்ஃபஸ் சிலிக்கானில் கரண்ட் பக்கவாட்டில் சரியாக ஓடாது. அதனால் ஒளி புகும் பூச்சு ஒன்றை மேலே முழுக்கப் போட்டுத்தான் கரண்டை எடுக்க வேண்டும். வழக்கமாக அது இண்டியம் டின் ஆக்ஸைடு. பீங்கான் ஜாதி, வளைத்தால் வெடிக்கும்.

பெட்டியிலோ ‘கார்பன் நானோ’ என்று கொட்டை எழுத்து! கார்பன் நானோகுழாய் மின்முனையை ஆராய்ச்சிக்கூடங்களில் சிலிக்கான் செல்மேல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஓரிரு நானோமீட்டர் தடிமனுள்ள குழாய்கள் நைலான் வலை மாதிரி பின்னிக் கிடக்கும். சந்து வழியாக வெளிச்சம் போகும், குழாய் வழியாகக் கரண்ட் ஓடும், மடக்கினாலும் உடையாது. ஆனால் குழாயும் குழாயும் தொடுகிற இடத்தில் மின்தடை அதிகம். அதைக் குறைக்கத் தடிமனாகப் போட்டால் வெளிச்சம் மறைகிறது. இந்த ஷீட்டில் அது இருந்திருந்தால் இப்படிக் கோடு கோடாக விரிசல் விழுந்திருக்காது. கடைக்காரரிடம் கேட்டேன். “எல்லாம் கார்பன்தான் சார்” என்கிறார்.

சுருட்டி எடுத்துப் போக வாங்காதீர்கள். கேபின் கூரையில் விரித்தபடியே ஒட்டிவிடுவதானால், கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஒயர் முனைகளில் மட்டும் சிலிக்கோன் சீலன்ட் அடைத்துவிட்டு மாட்டுங்கள், உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடுகிறது.