ஐந்து ஆண்டுச் சேமிப்பும் ஒரு பேட்டரியின் விலையும்: குறைந்த விலை மின்ஸ்கூட்டர்களின் உண்மைச் செலவு

கிலோமீட்டருக்கு இருபது பைசாதான் ஆகும் என்று ஷோரூமில் சொல்வது பொய்யில்லை. ஒரு லட்ச ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் மின்ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, மூன்று முதல் மூன்றரை யூனிட் மின்சாரம் எடுக்கும். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்தாலும் கணக்கு இருபது பைசாவில்தான் வந்து நிற்கிறது. ஆனால் வண்டியின் ஐந்து ஆண்டுச் செலவில் மின்சாரத்தின் பங்கு பத்தில் ஒரு பாகம்கூட இல்லை. மீதி எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் முன்பணம் கட்டிவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முன் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழகிய 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர். இரண்டு, பேட்டரியோடு சேர்த்துச் சொந்தமாக வாங்கும் பதிவு எண் உள்ள மின்ஸ்கூட்டர்: ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஐக்யூபின் 2.2 கிலோவாட் மணி (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு; ஒரு கிலோவாட் மணி என்பது ஒரு யூனிட்) மாதிரி, ஏத்தர் ரிஸ்டா எஸ், போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா எஸ்1 எக்ஸ், பஜாஜ் சேத்தக்கின் அடிப்படை மாதிரி ஆகியவை இந்த வகை. மூன்று, வண்டியை வாங்கி, பேட்டரிக்கு மட்டும் ஓடும் தூரத்துக்கு ஏற்பப் பணம் கட்டும் முறை. நான்கு, பதிவும் உரிமமும் தேவைப்படாத மெதுவேக வண்டி.

முதல் இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள், ஐந்து ஆண்டில் 45,000 கிலோமீட்டர். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் 1,000 லிட்டர் வேண்டும். சென்னையில் லிட்டர் 101 ரூபாய் என்ற கணக்கில் எரிபொருளுக்கே ஒரு லட்சத்து ஆயிரம். வண்டியின் ஆன்ரோடு விலை ஒரு லட்சம், ஆயில், பெல்ட், ரோலர் எல்லாம் சேர்ந்த சர்வீஸ் 18,000, டயர் 6,000, சொந்தச் சேதக் காப்பீட்டுப் (நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கானது) புதுப்பிப்பு 5,000. மொத்தம் 2,30,000. ஐந்தாம் ஆண்டில் 42,000 ரூபாய்க்கு விற்றால் நிகரச் செலவு 1,88,000.

மின்ஸ்கூட்டர் ஆன்ரோடு 1,15,000 என்று வைப்போம். மின்சாரம் 9,000, சர்வீஸ் 8,000, டயர் 7,000, பிரேக் பாகங்கள் 3,000, நீட்டித்த உத்தரவாதம் 5,000, காப்பீடு 6,000. கூட்டினால் 1,53,000. மறுவிற்பனையில் 25,000 மட்டுமே திரும்பக் கிடைக்கும் என்று கஞ்சமாகவே மதிப்பிட்டாலும் நிகரம் 1,28,000. பெட்ரோலைவிட 60,000 ரூபாய் மிச்சம். இவை என் மதிப்பீடுகள். ஊருக்கும் வண்டிக்கும் தக்கபடி சில ஆயிரம் கூடும், குறையும்.

இப்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். உத்தரவாதம் முடிந்த பின் பேட்டரி போனால், கிலோவாட் மணிக்குச் சுமார் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை கேட்பார்கள். மூன்று கிலோவாட் மணிப் பேட்டரிக்கு 45,000 முதல் 60,000 வரை. ஐந்து ஆண்டு நீங்கள் சேர்த்த மிச்சம் முழுவதும் ஒரே பேட்டரியில் கரைந்துவிடும். வண்டி வாங்கும்போது 5 சதவீதமாக இருக்கும் ஜிஎஸ்டி, பேட்டரியைத் தனியாக வாங்கும்போது 18 சதவீதம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே இந்த விலைப்பிரிவில் ஒரு வண்டியையும் இன்னொரு வண்டியையும் ஒப்பிடுவது என்றால் பேட்டரி உத்தரவாதத்தை ஒப்பிடுவதுதான். வண்ணத்திரை, வேகம், இருக்கைக்கு அடியில் எத்தனை லிட்டர் இடம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

உத்தரவாதத் தாளில் நான் முதலில் தேடுவது ஆண்டுக் கணக்கை அல்ல. "மூன்று ஆண்டு அல்லது 50,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது" என்பது இத்துறையில் வழக்கமான அடிப்படை. மேலே சொன்ன ஓட்டத்துக்கு அது மூன்றாம் ஆண்டில், 27,000 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். அதனால் நீட்டிப்பு அவசியம். ஏத்தர் சுமார் 5,000 ரூபாய்க்குக் கொடுத்த நீட்டிப்பு எட்டு ஆண்டு, 80,000 கிலோமீட்டர் வரை பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று எழுத்தில் உறுதி தந்தது. அந்த 70 சதவீதம்தான் முக்கியம். கொள்ளளவைப் பற்றி ஒரு வரியும் இல்லாத தாளாக இருந்தால், ஒரு சார்ஜில் 90 கிலோமீட்டர் ஓடிய வண்டி 50 கிலோமீட்டரில் நின்றாலும், "பேட்டரி வேலை செய்கிறதே" என்று சொல்லித் திருப்பி அனுப்ப இடமிருக்கிறது. ஓலா 2024 பிப்ரவரியில் எட்டு ஆண்டு, 80,000 கிலோமீட்டர் உத்தரவாதத்தைக் கூடுதல் கட்டணமின்றி அறிவித்தது. ஆனால் எந்த நிறுவனமானாலும், நீங்கள் வாங்கும் மாதிரிக்கு, வாங்கும் நாளில் கையில் தரும் தாளில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் செல்லும். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருந்தால் போதாது.

அடுத்து, வெள்ளம். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேட்டரி தூசியையும் நீரையும் தாங்குவதைக் குறிக்கும் ஐபி 67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சில பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. நீரில் மூழ்கிய வண்டிக்கு உத்தரவாதம் பொதுவாக உதவாது. பேட்டரியையும் மோட்டாரையும் பெயர் சொல்லிச் சேர்த்த காப்பீடுதான் உதவும். பெட்ரோல் ஸ்கூட்டரை அதே வெள்ளத்துக்குப் பிறகு தெருமுனை மெக்கானிக் ஆயிலை வடித்து, கார்புரேட்டரோ இன்ஜெக்டரோ துடைத்து, சில ஆயிரம் ரூபாயில் ஓட வைத்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் பெட்ரோல் வண்டி தெளிவாக மேல். தாழ்வான பகுதியில், தரைத்தளத்தில் நிறுத்துபவர்கள் காப்பீட்டுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக ஒதுக்கத்தான் வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் மின்வண்டிக்குச் சலுகை உண்டு: 75 முதல் 150 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு 3,851 ரூபாய் என்றால், மோட்டார் திறன் மூன்று கிலோவாட்டுக்கு உட்பட்ட மின்வண்டிக்கு 2,466, மூன்று முதல் ஏழு கிலோவாட் வரை 3,273. அந்த மிச்சத்தை அப்படியே சொந்தச் சேதக் காப்பீட்டின் கூடுதல் அம்சங்களுக்குத் திருப்பிவிடலாம்.

பராமரிப்பே கிடையாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இல்லை, அவ்வளவுதான். டயர் உண்டு, பிரேக் உண்டு, தொங்கமைப்பு (சஸ்பென்ஷன்) உண்டு, ஸ்டியரிங் பேரிங் உண்டு. ரிஸ்டாவில் பின்சக்கரத்தை இழுப்பது ஒரு பெல்ட். அது தேயும், தூசி சேர்ந்தால் சத்தம் போடும், ஒரு நாள் மாற்ற வேண்டியிருக்கும். ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது, பெல்ட் செலவு இல்லை. ஆனால் பின்டயர் தேய்ந்து மாற்றும் நாளில் வேறு சிக்கல் வரும். சாதாரண ஸ்கூட்டரில் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவுவதுபோல் இங்கே முடியாது. மோட்டாரிலிருந்து வரும் கம்பிக்கட்டின் இணைப்பைத் தேடிக் கழற்ற வேண்டும். அச்சின் இரு பக்கமும் உள்ள வாஷர்களைக் கழற்றிய வரிசை மாறாமல் திரும்பப் போட வேண்டும். கம்பி முறுகாமல், உரசாமல் பழைய தடத்திலேயே போக வேண்டும். எல்லாப் பஞ்சர் கடைக்காரரும் இதற்குக் கை வைக்க மாட்டார், அவர் தயங்குவதும் நியாயம். டியூப்லெஸ் டயர் என்பதால் சாதாரணப் பஞ்சரைச் சக்கரம் கழற்றாமலே அடைத்துவிடலாம். டயர் மாற்றுவதை சர்வீஸ் சென்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் பலர் மறந்துவிடும் பொருள். அதன் உத்தரவாதம் பேட்டரியின் உத்தரவாதத்தைவிடக் குறுகியதாக இருக்கக்கூடும். கெட்டால் பல ஆயிரம் ரூபாய். 2023இல் சார்ஜருக்குத் தனியே பணம் வாங்கிய ஓலா, ஏத்தர், டிவிஎஸ், ஹீரோ வீடா ஆகிய நிறுவனங்கள் மத்திய அரசின் தலையீட்டுக்குப் பிறகு அந்தத் தொகையை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. விலைச்சீட்டில் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. இப்போது அந்த இடத்தில் மென்பொருள் வசதிகளுக்கான கூடுதல் தொகுப்புகள் வந்திருக்கின்றன. வேண்டாம் என்றால் எந்தெந்த வசதி போகும் என்று எழுதி வாங்குங்கள்.

சர்வீஸ் கிடைக்குமா என்பதை ரூபாயில் எழுதுவது கடினம், ஆனால் செலவு செலவுதான். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓலா குறித்து 10,644 புகார்கள் வந்ததைச் சுட்டிக்காட்டி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டது. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. விற்பனை வேகத்துக்கு ஈடாக சர்வீஸ் வளரவில்லை என்றால் யார் தலையில் விடியும் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. வண்டி மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் நின்றால், வேலைக்கு ஆட்டோவில் போய்வரும் செலவு ஓராண்டு மின்கட்டணத்தைத் தாண்டிவிடும். ஒரு காலத்தில் நாட்டின் மின்ஸ்கூட்டர் விற்பனையில் முன்னணியில் இருந்த ஹீரோ எலக்ட்ரிக் 2024 டிசம்பரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதன் வண்டியை வாங்கியவர்களின் உத்தரவாதத் தாள் இன்று எதற்குப் பயன்படும்? ஆகவே சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு என் கருத்து உறுதியானது: பத்தாயிரம் ரூபாய் கூடினாலும், உங்கள் வட்டத் தலைநகரில் சர்வீஸ் சென்டர் வைத்திருக்கும் நிறுவனத்தின் வண்டியை எடுங்கள். பெட்ரோல் வண்டிகளின் பழைய டீலர் வலையமைப்பு இருப்பதால் டிவிஎஸ், பஜாஜ் ஆகியவற்றுக்கு இதில் இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு.

பேட்டரி வாடகை முறைக்கு வருவோம். ஹீரோ மோட்டோகார்ப்பின் (திவால் நடவடிக்கைக்குப் போன ஹீரோ எலக்ட்ரிக் வேறு நிறுவனம்) வீடா விஎக்ஸ்2 கோ 2025 ஜூலையில் வந்தபோது முழு விலை 99,490. பேட்டரி இல்லாமல் 59,490, கிலோமீட்டருக்கு 96 பைசா. வித்தியாசம் 40,000 ரூபாய். 96 பைசாவால் வகுத்தால் சுமார் 41,700 கிலோமீட்டரில் இரண்டும் சமமாகின்றன. அதற்குள் பேட்டரி பற்றிய கவலை உங்களுடையதல்ல என்றால், கடன் வட்டியையும் சேர்த்துப் பார்க்கும்போது இது மோசமான பேரம் இல்லை. ஒப்பந்தத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் குறைந்தது இவ்வளவு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், குறைவாக ஓட்டுபவருக்கு அந்த 96 பைசா இரண்டு ரூபாயாகிவிடும். திட்டக் காலம் முடிந்ததும் பேட்டரி யாருடையது, நடுவில் வண்டியை விற்க முடியுமா என்பதையும் கேளுங்கள். கழற்றும் பேட்டரி என்பதால், மாடி வீட்டில் வாடகைக்கு இருந்து கீழே பிளக் பாயிண்ட் கிடைக்காதவர்களுக்கு இந்த வண்டி தனி வசதி.

மெதுவேக வண்டிதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. 250 வாட்டுக்குள் மோட்டார், 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்றால் பதிவு வேண்டாம், உரிமம் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை. அறுபதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது என்று வாங்குபவர் பெரும்பாலும் அந்தப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர். ஈய அமிலப் பேட்டரி போட்ட மாதிரியாக இருந்தால் ஒன்றரை ஆண்டு தாண்டுவதே கடினம். ஒரு செட் மாற்ற சுமார் 15,000. ஐந்து ஆண்டில் மூன்று முறை மாற்றினால் 45,000. வண்டியோடு சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இந்த வண்டியில் ஐந்து ஆண்டில் 20,000 கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல், 45,000 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டரைவிட அதிகம்; மறுவிற்பனை மதிப்பும் ஏறக்குறைய இல்லை. வேகக் கட்டுப்பாட்டை எடுத்துத் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். எடுத்த கணமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் இழப்பீடு முழுவதும் ஓட்டியவரின் பொறுப்பில் விழும். கடைத்தெருவரை போய்வரும் முதியவருக்கு, லித்தியம் பேட்டரி போட்ட மாதிரி என்றால் மட்டும் சரி.

மின்கட்டணத்தில் ஒரு நுணுக்கம். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் என்றால் இரு மாதத்துக்குச் சுமார் 50 யூனிட் கூடும். ஏற்கெனவே 470 யூனிட்டில் நிற்கும் வீடு அதனால் 500ஐத் தாண்டும். தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உள்ள குறைந்த கட்டணம் பறிபோய், பில்லில் கூடுதலாக இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். 300 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாக, குறைவாக ஓட்டுபவர்கள். நாளுக்கு 10 கிலோமீட்டர், ஐந்து ஆண்டில் 15,000 மட்டுமே என்றால், அதே முறையில் போட்ட கணக்கில் பெட்ரோல் ஸ்கூட்டரின் நிகரச் செலவு சுமார் 1,04,000, மின்ஸ்கூட்டருடையது 1,08,000. 2025 செப்டம்பரில் 350 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிகளின் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும், மின்வண்டிகளுக்கான மத்திய மானியம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியதும் இந்த இடைவெளியை மூடிவிட்டன. இவ்வளவு குறைந்த ஓட்டத்துக்குப் பணத்தை மட்டும் பார்த்து மின்ஸ்கூட்டர் வாங்கக் காரணம் இல்லை. புகையும் சத்தமும் வேண்டாம் என்பது உங்கள் காரணமாக இருந்தால் அது போதுமான காரணம். வீட்டில் ஓடும் நிலையில் பழைய பெட்ரோல் வண்டி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், வீட்டில் சார்ஜ் செய்ய இடம் உள்ளவர், கொள்ளளவு உறுதியோடு நீட்டித்த உத்தரவாதத்தை முதல் நாளே வாங்குபவர் ஆகியோருக்குச் சொந்தப் பேட்டரியோடு கூடிய மின்ஸ்கூட்டர்தான் என் தேர்வு.