வண்ணாரப்பேட்டைக் கடையின் வெப்சைட்: டிசைனா, எஸ்சிஓவா, விளம்பரமா, எதில் முதலில் பணம் போடுவது?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் என் சித்தப்பாவுக்கு நைட்டி, பாவாடை மொத்த வியாபாரக் கடை இருக்கிறது. இந்தச் சித்திரையில் கடையின் வெப்சைட்டைச் சரிசெய்ய 50,000 ரூபாய் ஒதுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். கல்லா மேல் மூன்று கோட்டேஷன். ஒன்று சைட்டை முழுசாக மாற்றி டிசைன் செய்ய, இன்னொன்று மாதாமாதம் எஸ்சிஓ (கூகுள் தேடலில் சைட்டை மேலே வரவைக்கும்) வேலை பார்க்க, மூன்றாவது கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போட. "மூணும் நல்லாத்தான் இருக்கு. எதுல முதல்ல போடணும், அதச் சொல்லுப்பா" என்றார்.

நான் தண்டையார்பேட்டையில் வெப்சைட் வேலை பார்ப்பவன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். மூன்றும் ஒரே வேலையின் மூன்று பாகம் என்று சொல்லி மொத்தமாகப் பில் போடுவது சுலபம். ஆனால் கையில் இருப்பது 50,000 என்றால் மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டிதான்.

முதலில் டிசைனைப் பார்த்தோம். சித்தப்பாவின் போனிலேயே சைட்டைத் திறந்தோம். மத்தியான நேரம், கடையில் கூட்டம். முகப்புப் படம் மேலிருந்து கீழாக இறங்கிப் பாதியில் நின்றது. பையன் கொண்டுவந்த டீயைக் குடித்து முடித்த பிறகும் போன் நம்பர் கண்ணில் படவில்லை. காரணம் எளிது. கேமராவில் எடுத்த ஐந்து படங்களை அளவைக் குறைக்காமல் அப்படியே ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக நகரும்படி வைத்திருந்தார்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அவர்களுடைய கருவியில் முகவரியைப் போட்டால் நம் சைட் எத்தனை விநாடி எடுக்கிறது என்று இலவசமாகப் பார்த்துவிடலாம். அன்று சாயங்காலமே நகரும் படங்களை எடுத்துவிட்டு, ஒரே ஒரு படத்தை வெப்பி (WebP) என்ற, எடை குறைந்த பட வடிவத்தில் சின்னதாக்கி வைத்தேன். வேகப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. டிசைன் கோட்டேஷனில் கலர், எழுத்துரு, அனிமேஷன் எல்லாம் இருந்தன. படத்தின் அளவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பொன்னேரியிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ சரக்கு எடுக்க வரும் கடைக்காரருக்கு முதல் திரையில் என்ன வேண்டும்? குறைந்தது எத்தனை பீஸ் எடுக்கணும், என்ன சைஸ் இருக்கிறது, ஜிஎஸ்டி பில் உண்டா, பார்சல் லாரியில் போடுவீர்களா, எந்த நாள் லீவு. கூடவே ஒரு வாட்ஸ்அப் பட்டன். 2019-இல் வண்ணாரப்பேட்டைக்கும் 2021-இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு, ஸ்டேஷனில் இறங்கி எப்படி நடந்து வருவது என்பதும் தினமும் போனில் கேட்கும் கேள்வி ஆகிவிட்டது. இதையெல்லாம் எழுதிப் போட புது டிசைன் தேவையில்லை. சைட் மொபைல் திரைக்குள் அடங்காமல் பக்கவாட்டில் ஓடினால் மட்டும் டிசைனை மாற்றித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் கூகுள் நம் சைட்டின் மொபைல் வடிவத்தைப் படித்துத்தான் பட்டியலில் சேர்க்கிறது.

அடுத்து எஸ்சிஓ. அந்தக் கோட்டேஷன் 15 நாளில் முதல் இடம் என்று உறுதி கொடுத்தது. அப்படி முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வேலை தொடங்கிப் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். 200 கீவேர்டை (தேடும் வார்த்தைகளை) மெட்டா டேகில், அதாவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறிப்பில், சேர்ப்பதற்குத் தனிக் கட்டணம் வேறு போட்டிருந்தார்கள். வரிசைப்படுத்த அந்த டேகைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. உழைத்துச் சம்பாதித்த பணத்தை இப்படி வாங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆனாலும் எஸ்சிஓ மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கடை வைத்திருப்பவருக்கு அதன் பெரிய பங்கு கூகுள் மேப்பில்தான் இருக்கிறது, அது இலவசம். மேப்பில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்குத் தேடலோடு பொருத்தம், தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டிலும் செய்ய நிறைய இருக்கிறது. சித்தப்பா கடையின் குறி அடுத்த தெருவில் நின்றது. ஞாயிறு திறந்திருக்கும் கடைக்கு ஞாயிறு விடுமுறை என்று போட்டிருந்தது. இரண்டையும் திருத்தினோம். வாடிக்கையாளரிடம் ரிவ்யூ எழுதச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை. ரிவ்யூவுக்கு டிஸ்கவுன்ட் கொடுப்பதும், கடைப் பெயரோடு 'நம்பர் ஒன் ஹோல்சேல்' என்று ஒட்டுவதும் விதிமீறல்.

அப்புறம் வார்த்தைகள். சைட்டில் எல்லாச் சரக்கும் 'தயாரிப்புகள்' என்ற ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தது. ஆனால் கடையில் நின்று கேட்டால் வருகிறவர்கள் சொல்வது ஃபீடிங் நைட்டி, ஃப்ரீ சைஸ், காட்டன் பாவாடை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் சிலர் வாஷர்மேன்பேட் என்றும் சிலர் வாஷர்மென்பேட் என்றும் எழுதித் தேடுகிறார்கள். இரண்டு எழுத்துக்கூட்டும் இயல்பாக வரும்படி முகவரியையும் வழியையும் எழுதினோம்.

விளம்பரத்தின் பலம் வேகம். காலையில் பணம் கட்டினால் சாயங்காலம் போன் வரலாம். பணம் நின்ற நிமிஷம் விளம்பரமும் நிற்கும். கட்டும் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. காம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஏற்பாடு) இருக்கும் சின்னக் கடைகள் அந்த வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஒரு வாரம் சோதனையாகப் போட்டுப் பார்த்தோம். என்ன தேடியவர்கள் கிளிக் செய்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தால் 'நைட்டி கட்டிங்', 'நைட்டி தைப்பது எப்படி'. தைக்கக் கற்றுக்கொள்கிறவர்களின் கிளிக்குக்குச் சித்தப்பா காசு கட்டியிருக்கிறார். நாம் மாற்றாவிட்டால், கொடுத்த வார்த்தையோடு தொடர்புள்ள மற்ற தேடல்களுக்கும் கூகுள் விளம்பரத்தைக் காட்டும். கட்டிங், தைப்பது போன்றவற்றை விலக்கு வார்த்தைகளில் (இவற்றைத் தேடினால் விளம்பரம் காட்டாதே என்று சொல்லும் பட்டியல்) சேர்த்த பிறகுதான் வருகிற போன்களில் சரக்கு கேட்பவர்கள் அதிகமானார்கள்.

ஆக என் வரிசை: மேப்பும் வேகமும் முதலில், பிறகு எஸ்சிஓ பக்கங்கள், சீசனுக்கு மட்டும் விளம்பரம், முழு டிசைன் கடைசியில். எல்லாருக்கும் இது பொருந்தாது. கொளத்தூரில் வண்ண மீன் விற்று வெளியூருக்கு பார்சல் அனுப்புபவருக்கு மேப்பைவிட மீன் நீந்தும் வீடியோதான் ஆள் கொண்டுவரும். மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு ஃபேப்ரிகேஷன் செய்து கொடுப்பவரைத் தேடுவது பர்ச்சேஸ் பிரிவு ஆட்கள். அவர்களுக்கு என்னென்ன மெஷின் இருக்கிறது, எவ்வளவு தடிமன் தகடு வளைக்க முடியும் என்று விவரமாக எழுதிய பக்கம் எந்த விளம்பரத்தையும்விட மேல்.

எந்த வழியில் போனாலும் டொமைன், அதாவது சைட்டின் இணைய முகவரி, உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் பழைய சைட்டைச் செய்து கொடுத்தவர்கள் டொமைனைத் தங்கள் பெயரில் பதிந்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் போனை எடுப்பதையே நிறுத்தினார்கள். விசிட்டிங் கார்டிலும் கட்டைப் பையிலும் அச்சடித்த முகவரி அப்படியே போனது. புது டொமைனில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

50,000 இப்படிப் பிரிந்தது: சரக்கை நல்ல வெளிச்சத்தில் படமெடுக்க 6,000, பக்கங்கள் எழுதி அமைக்க 18,000, விளம்பரத்துக்கு 12,000, மீதி 14,000 அடுத்த வருஷ ஹோஸ்டிங்குக்கும் (சைட்டை வைத்திருக்கும் சர்வருக்கான வாடகை) சில்லறை வேலைக்கும். விளம்பரப் பணத்தைப் புரட்டாசிக்கு வைத்திருக்கிறோம், தீபாவளிச் சரக்கை வெளியூர்க் கடைக்காரர்கள் அப்போதே எடுத்துவிடுவார்கள். கல்லா பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. புதிதாக வருகிறவரிடம் "நம்ம கடை எப்படித் தெரியும்?" என்று கேட்டு, மேப், சைட், விளம்பரம், தெரிந்தவர் என்று சித்தப்பா கோடு போட்டு வருகிறார். இப்போதைக்கு மேப் பத்தியில்தான் கோடுகள் அதிகம்.