ஓக்லாந்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு: எந்தப் பாலம்?

ஓக்லாந்திலிருந்து விமான நிலையத்துக்குக் காரில் செல்பவர் வளைகுடாவைக் கடக்க இரு வழிகள் உண்டு: ஒன்று, இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை செல்லும் பே பாலம், மற்றொன்று, இன்டர்ஸ்டேட் 880 நெடுஞ்சாலையில் தெற்கே சென்று பிடிக்க வேண்டிய சான் மட்டேயோ பாலம்.

பே பாலத்தில் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சிக்னல் விளக்குகள் வண்டிகளை அளந்து விடுவதால், காலை நேரத்தில் முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஊர்ந்துதான் ஏற வேண்டும். ஆயினும், 1989 நிலநடுக்கத்தில் மேல்தளத்தின் ஒரு துண்டு சரிந்த பழைய கிழக்குப் பகுதிக்கு மாற்றாக 2013இல் திறக்கப்பட்ட ஒற்றைக் கோபுரத் தொங்குபாலத்தைக் கடந்து, யெர்பா புவேனா தீவின் சுரங்கத்திலிருந்து மேல்தளத்தில் வெளிப்படும்போது நகரம் முழுவதும் எதிரே விரியும் அந்தக் கணத்துக்காகவே நான் இவ்வழியை விரும்புகிறேன். திரும்பும்போது கீழ்த்தளம் என்பதால் அக்காட்சி கிடைக்காது.

சான் மட்டேயோ பாலம் சுமார் 11 கி.மீ. நீளம், பெரும்பகுதி நீர்மட்டத்தை ஒட்டியே செல்கிறது. 880க்கு மாற்றான இன்டர்ஸ்டேட் 580 நெடுஞ்சாலையின் ஓக்லாந்துப் பகுதியில் கனரக லாரிகளுக்குத் தடை இருப்பதால் அவையெல்லாம் 880இல்தான் நெருக்கும், தூரமும் கூடுதல். ஆனால் விமான நிலையத்தைப் போலவே இறங்குமிடமும் நகர நெரிசலுக்குத் தெற்கே இருப்பதால், காலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.