ஹாப்பர் டிரையரா, டெசிகன்ட் டிரையரா?

மோல்டிங் மெஷினில் போடும் முன் பிளாஸ்டிக் குருணையை உலர்த்த எந்த டிரையர் வாங்குவது? ஏபிஎஸ் பிளாஸ்டிக் மட்டும் ஓட்டுகிற இடத்துக்கு சாதா ஹாப்பர் டிரையரே பெரும்பாலும் போதும். 80 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடான காற்று பட்டால் சரி. விலையும் குறைவு, கெட்டுப்போக ஹீட்டர், புளோயர் தவிர பெரிதாக எதுவும் இல்லை.

சிக்கல் நைலானிலும் பாலிகார்பனேட்டிலும்தான். ஹாப்பர் டிரையர் வெளிக்காற்றை இழுத்து அப்படியே சூடாக்குகிறது. சென்னையில் நவம்பர் மழையில் அந்தக் காற்றே ஈரம். குருணைக்கு உள்ளே ஊறிய ஈரத்தை அது எங்கே வெளியே இழுக்கும்? டெசிகன்ட் டிரையர் காற்றின் ஈரத்தை முதலில் உறிஞ்சி, டியூ பாயின்டை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை; இது குறையக் குறையக் காற்று உலர்ந்தது என்று அர்த்தம்) மைனஸ் 40 டிகிரி வரை இறக்கிவிட்டுத்தான் சூடாக்கும். மழையோ வெயிலோ, அதற்கு ஒன்றுதான்.

பாலிகார்பனேட்டில் ஈரம் 0.02 சதவீதத்துக்குள் வர வேண்டும். 120 டிகிரி, மூன்று நான்கு மணி நேரம். வராவிட்டால் பார்ட்டில் வெள்ளிக் கோடு விழும். விழுந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணில் படும். கோடே தெரியாமல் உள்ளே மூலக்கூறுச் சங்கிலி அறுந்துபோய், ஸ்க்ரூ முடுக்கும்போது விரிசல் விடும் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) ஓட்டினால் யோசிக்கவே வேண்டாம், டெசிகன்ட்தான். ஆனால் அதன் ஃபில்டரைத் துடைக்காமல் விட்டால், கொடுத்த காசு வீண்.