தம்புரா விட்டு விட்டுக் கேட்டது: வீட்டு நெட்வொர்க்கில் ஹை-ரெஸ் இசை, இரண்டு வருட அனுபவம்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழியில் ஒரு காலை. அப்பா ஹாலில் ஈசிசேரில் சாய்ந்துகொண்டு தோடி ஆலாபனை கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் அவருடைய கஞ்சியை மைக்ரோவேவில் சூடாக்கிக்கொண்டிருந்தேன். “ஏம்மா, தம்புரா ஏன் விட்டு விட்டு வருது?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

தாளக்கட்டோடு ஓடும் பாட்டில் ஒரு நொடி விட்டுப்போனால் சில சமயம் கவனிக்க மாட்டோம். ஆலாபனையில் அப்படித் தப்பிக்க முடியாது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலும் சுருதி அடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது அறுந்தால் 74 வயதுக் காதுக்குக்கூட உடனே தெரிந்துவிடுகிறது.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில், இரண்டாவது மாடி வாடகை வீடு. படுக்கையறையில் ஒரு பழைய லேப்டாப். அதில்தான் இசைக் கோப்புகள் எல்லாம். ஹாலில் ராஸ்பெர்ரி பை 4 என்கிற கையளவு கணினி (இனிமேல் ‘பை’), அதன் யுஎஸ்பியில் டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு டிஏசி, ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். பையில் எம்பிடி என்கிற இலவச பிளேயர் ஓடுகிறது. சிடிகளைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக மாற்றி வைத்திருந்தேன். அப்பாவின் எல்பி தட்டுகளை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில், அதாவது சிடியைவிட நுணுக்கமான ஹை-ரெஸ் தரத்தில், நானே உட்கார்ந்து பதிவெடுத்தேன். சிடியிலிருந்து எடுத்தவை ஒழுங்காகப் பாடின. எல்பி பதிவுகள்தான் திக்கின.

நான் முதலில் செய்தது வீண் செலவு. இன்டர்நெட் திட்டத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு ஏற்றினேன். எதுவும் மாறவில்லை. மாறாது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோப்பு வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிறது. இதில் வெளி இணைப்புக்கு வேலையே இல்லை. அளவும் அப்படியொன்றும் பெரிதில்லை. 24/192 ஸ்டீரியோ சுருக்கப்படாத நிலையிலேயே நொடிக்கு 9.2 மெகாபிட்தான், ஃபிளாக்கில் அதைவிடக் குறைவு. ஸ்பீட் டெஸ்ட் காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கோளாறைப் பிடிக்கவே முடியாது. இசைக்கு வேண்டியது சீரான வரத்து. சராசரி வேகம் எவ்வளவு இருந்தாலும் நடுவில் மூன்று நொடி எதுவும் வராமல் போனால் பாட்டு நின்றுவிடும்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். திக்கிய அதே கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு நேராகப் பையில் சொருகினேன். ஒரு மணி நேரம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆக டிஏசி, பை, கோப்பு மூன்றிலும் குறை இல்லை. அடுத்து லேப்டாப்பையே தூக்கி வந்து ரவுட்டர் பக்கத்தில் வைத்து லேன் கேபிளில் இணைத்தேன். திக்கல் பாதியாகக் குறைந்தது. காரணம் பிறகு விளங்கியது. லேப்டாப்பும் வைஃபையில், பையும் வைஃபையில் என்றால், லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து பைக்கு இன்னொரு முறை என்று ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டும் அதே காற்றுவெளியில் இரண்டு முறை பயணம் செய்கிறது.

அந்தக் காற்றுவெளியும் காலியாக இல்லை. போனில் வைஃபை அனலைசரைத் திறந்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் 27 தெரிந்தன. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் வைக்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அந்த மூன்றில் 27 பேரும் நெருக்கியடித்தால் என்ன ஆகும்? போதாததற்கு எங்கள் மைக்ரோவேவ். அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் இயங்குகிறது. பையிலிருந்து ரவுட்டருக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை உள்ளே வைத்துப் பட்டனை அழுத்தினேன். 3 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த பதில் 400, 600 என்று ஏறியது, நடுவே சில வரவே இல்லை. நிறுத்தியதும் மறுபடி 3. அப்பாவின் தம்புராவை அறுத்தது அவருடைய காலைக் கஞ்சிதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் இந்தத் தொல்லை போனது. ஆனால் நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர். அந்த அலைவரிசை சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. கதவைச் சாத்தினால் சிக்னல் விழும்.

சரி, சிடி கோப்பு மட்டும் ஏன் திக்கவில்லை? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்தது. விடை எம்பிடியின் பஃபரில், அதாவது பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடத்தில், இருந்தது. அதன் இயல்பான அளவு 4 மெகாபைட். டீகோட் ஆன, அதாவது சுருக்கம் பிரித்த இசையைத்தான் அது சேர்த்து வைக்கிறது. சிடி தரத்தில் நொடிக்கு 1,76,400 பைட் செலவாகும். 4 மெகாபைட் ஏறக்குறைய 24 நொடிக்குத் தாங்கும். 24/192இல் ஒவ்வொரு ஒலி மாதிரியும் (சாம்பிள்) 4 பைட் இடம் எடுப்பதால் நொடிக்கு 15,36,000 பைட். அதே பஃபர் 2.7 நொடியில் தீர்ந்துவிடும். வைஃபை இரண்டு வகைக் கோப்புக்கும் ஒரே மாதிரிதான் தடுமாறியது. சிடி கோப்பிடம் கைவசம் 24 நொடிச் சேமிப்பு இருந்ததால் தப்பித்தது. பஃபரை 32 மெகாபைட் ஆக்கினேன். இப்போது 24/192க்கே 21 நொடிக்கு மேல் கையிருப்பு. ஒரே ஒரு வரி மாற்றம். இந்த வரியை முதலிலேயே தொட்டிருந்தால் திட்டத்துக்குக் கட்டிய பணம் மிச்சமாகியிருக்கும்.

இருந்தாலும் கேபிள்தான் சரி என்று முடிவு செய்தேன். ரிச்சி தெருவில் 20 மீட்டர் கேட்6 லேன் கேபிளும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச்சும் வாங்கினேன். வீட்டு ஓனர் சுவரில் துளை போடக் கூடாது என்றதால், நிலைப்படிக்கு மேலாக வெள்ளைக் கேசிங்கில் ஒட்டிக் கொண்டுவந்தேன். பைக்குப் போன் சார்ஜரைக் கழற்றிவிட்டு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் இதே சமயத்தில்தான். மின்னழுத்தம் குறைவு என்கிற எச்சரிக்கை அதோடு நின்றது.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு மே மாதம், புதிதாக ஒரு பாட்டைப் போட்டதும் முதல் சில நொடிகளில் மட்டும் நின்று கிளம்ப ஆரம்பித்தது. பஃபர் நிரம்பிவிட்டால் பிறகு சுகமாக ஓடும். ஸ்விட்ச்சைப் பார்த்தேன். எப்போதும் பச்சையாக எரிகிற விளக்கு ஆரஞ்சுக்குப் போய், அணைந்து, மறுபடி பச்சைக்கு வந்தது. பால்கனிப் பக்கமாகச் சுற்றிப் போன முனையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், எட்டு பின்களில் இரண்டின் மேல் பச்சை பூத்திருந்தது. கடல் காற்று. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி, கேட் கொண்டி, ஏசி வெளிப்பெட்டி எதையும் அது விட்டுவைப்பதில்லை. இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. கிகாபிட் இணைப்புக்கு எட்டு கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். ஒரு கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தால் இணைப்பு மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில நொடி போகும். முனையை வெட்டி, தங்கமுலாம் நன்றாக ஏறிய பிளக்காக வாங்கிப் புதிதாகக் கிரிம்ப் செய்து, கேபிளையும் பால்கனியிலிருந்து உள்பக்கமாக மாற்றினேன். கடலோரம் இருப்பவர்கள் கேபிள் போட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முனைகளைக் கழற்றிப் பாருங்கள்.

சந்தா கட்டிக் கேட்கும் இசையில் மட்டும் கதை வேறு. அது வெளியிலிருந்து வருவது. ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும் படங்களை பேக்கப் எடுக்கும்போது அப்லோடு வழி நிரம்பி, எல்லாம் வரிசையில் நிற்கும். ரவுட்டரில் எதற்கு எவ்வளவு வேகம் என்று ஒதுக்கும் க்யூஓஎஸ் அமைப்பில் அப்லோடை மொத்தத்தில் 85 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினேன், அதோடு தீர்ந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரே தட்டை 192இலும் 96இலும் பதிவெடுத்து, எது எது என்று சொல்லாமல் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. 96 கிலோஹெர்ட்ஸே 48 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. இன்னும் 40 தட்டுகள் பாக்கி இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு என்று 24/96இல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊசியை வைப்பதற்கு முன் தட்டைத் துடைக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார்.