டிஆர்எல் கன்ட்ரோல் பாக்ஸ்: எந்த காருக்குச் சரிவரும், எதற்கு வேண்டாம்

தனியாக வாங்கி மாட்டும் டிஆர்எல் (பகலிலும் காரின் முன்னால் எரியும்) விளக்குகளோடு தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வரும். வாங்குபவர்கள் விளக்கின் வெளிச்சத்தையே பார்க்கிறார்கள். ஆனால் அது எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பெட்டியின் கையில்தான் இருக்கிறது.

சாதாரணப் பெட்டியில் மூன்று ஒயர்கள். சிவப்பு பேட்டரி பிளஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு, மூன்றாவது பார்க்கிங் லைட்டின் பிளஸுக்கு. இக்னிஷன் ஒயர் கிடையாது. பேட்டரி வோல்டேஜை வைத்தே எஞ்சின் ஓடுகிறதா என்று கண்டுபிடிக்கிறது: ஏறக்குறைய 13.2 வோல்ட்டைத் தாண்டினால் எரியும், 12.8-க்குக் கீழே இறங்கினால் அணையும். டேஷ்போர்டைக் கழற்றாமல் போனட்டுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) எப்போதும் 14 வோல்ட் தரும் பழைய கார்களுக்கு இது அருமையான ஏற்பாடு. எஞ்சினை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் எரிந்தால் அது பழுதல்ல. சார்ஜ் ஏறிய பேட்டரியின் வோல்டேஜ் மெதுவாகத்தான் இறங்கும். வெளியிலிருந்து சார்ஜர் மாட்டினாலும் இதே காரணத்தால் எரியும்.

ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புதிய கார்களில்தான் சிக்கல். பேட்டரி நிறைந்ததும் கார் கம்ப்யூட்டர் ஆல்டர்னேட்டரைத் தளர்த்திவிடும். ஓடும்போதே வோல்டேஜ் 12.5 வரை இறங்கும், பிரேக் பிடித்தால் 15-ஐ நெருங்கும். பெட்டி குழம்பி விளக்கை அணைத்து அணைத்துப் போடும். எதிரே வருபவருக்கு அது ஏதோ சிக்னல் போலத் தெரியும், ஆபத்து. இந்தக் கார்களுக்கு இக்னிஷன் ஒயர் தனியாக உள்ள நான்கு ஒயர் பெட்டியையே வாங்குங்கள். இக்னிஷன் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகி இன்னொரு ஒயர் எடுக்க உதவும் இணைப்பு) வழியாக அந்த ஒயரை எடுக்கலாம். வாங்கும் முன், எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். வண்டியை ஓட்டும்போதும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து அளவைப் பார்ப்பது நல்லது, ஐடிலில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

பார்க்கிங் லைட்டுக்குப் போகும் மூன்றாவது ஒயரைச் சும்மா விடாதீர்கள். விளக்கு போட்டதைப் பெட்டிக்குச் சொல்வது அதுதான். வாகன விளக்குகளுக்கான ஐ.நா.வின் 48-ஆம் விதிப்படி ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல் தானாக அணைய வேண்டும். சில பெட்டிகள் அணைக்காமல் பாதியாக மங்கச் செய்யும். 87-ஆம் விதி டிஆர்எல்லுக்குக் கேட்பது 400 முதல் 1200 கேண்டலா (ஒளிச்செறிவின் அலகு). அதில் பாதிகூட இரவில் கண் கூசும். முழுதாக அணைக்கும் பெட்டியே என் தேர்வு. விளக்கைத் தரையிலிருந்து 250 மி.மீ.க்கு மேல், இரண்டுக்கும் இடையே குறைந்தது 600 மி.மீ. இடைவெளி விட்டு மாட்ட வேண்டும்.

பெட்டியோடு வரும் ஒயரில் பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது, பெரிய குறை. பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். இரண்டு எல்இடி விளக்குக்கு அது தாராளம். இல்லையென்றால் ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகும்போது இன்சுலேஷனே தீப்பிடிக்கும்.

எஞ்சின் நின்று விளக்கு அணைந்த பிறகு பெட்டி இழுக்கும் கரண்ட்டையும் அளந்து பாருங்கள். 10 மில்லி ஆம்பியர் என்றால் மாதத்துக்கு 7.2 ஆம்பியர் மணி போய்விடும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது அதிகம். சைலன்சர் மேனிஃபோல்டின் சூடு படாத இடத்தில், ஒயர்கள் கீழ்ப்பக்கம் வெளியே வரும்படி பெட்டியை மாட்டினால், ஒயர் வழியே வழியும் தண்ணீர் உள்ளே போகாது.